காவல் நிலையத்தில் கேட்ட கதை யாருடையது?

"அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நிலையத்தில் முதல்நிலைக் காவலராக இருக்கிறேன். சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறேன், எல்லாம் பணியில் பார்த்தவை. புத்தகமாகப் போட்டால் துறை நடவடிக்கை வருமா? போலீஸ்காரர்கள் எழுத்தாளர் ஆனது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டவை இரண்டு. ஆனால் "எல்லாம் பணியில் பார்த்தவை" என்று நடுவில் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடமையின் பெயரால் அடுத்தவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்ததை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்பதே அது. முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன். நான் நெல்லை, தூத்துக்குடி மாவட்ட நிலையங்களில் ரைட்டராகவும் (வழக்குக் காகிதங்களை எழுதும் காவலர்) பின்னாளில் ஆய்வாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். கதைகள் எழுதியிருக்கிறேன். துறையில் இருப்பவர்கள் கொண்டுவரும் கையெழுத்துப் படிகளைப் படித்துச் சொல்வதுதான் இப்போது என் வேலை. வழக்கறிஞர் அல்லேன். ஆகையால் சட்டம் பற்றி நான் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போலீஸ்காரர்கள் எழுத்தாளர் ஆனது உண்டு, நெடுங்காலமாகவே உண்டு. கல்கத்தா காவல்துறையின் துப்பறியும் பிரிவில் இருந்த பிரியநாத் முகோபாத்யாய் 1890களிலேயே தம் வழக்குகளை 'தரோகர் தப்தர்' என்ற தொடராக வங்காளத்தில் எழுதி வெளியிட்டார். தமிழ்நாட்டிலிருந்து ஐ.பி.எஸ். ஆன முதல் பெண்ணான திலகவதி 'கல்மரம்' நாவலுக்காக 2005ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். அந்த நாவல் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றியது என்பதை மறந்துவிடாதீர்கள். காவலர் எழுதினால் காவல் நிலையத்தைத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கை சி.பி.ஐ.யில் புலனாய்வு செய்த கே. ரகோத்தமன் அந்த விசாரணையைப் பற்றித் தமிழில் நூல் தந்தார். வீரப்பன் தேடுதலை நடத்திய கே. விஜயகுமார் அது குறித்து 2017இல் ஆங்கிலத்தில் எழுதினார். கேரளத்தில் சாதாரணக் காவலராக இருந்த ஷாஹி கபீர் திரைக்கதை எழுதி மலையாளத் திரையுலகில் தனி இடம் பிடித்திருக்கிறார்.

இந்தப் பெயர்களில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவர்கள் அதிகாரிகள். கீழ்நிலையில் இருப்பவர்களுக்கு எழுத வராது என்று இதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். அதிகாரிக்குத் தனியறை உண்டு, ஓய்வு பெற்றதும் பதிப்பாளரே தேடி வருவார். இரவு ரோந்து முடித்து, காலை ரோல்காலுக்கு நின்று, பகலில் கோயில் கொடைக்கோ தேருக்கோ பந்தோபஸ்து போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் பார்ப்பது யார்? சம்பவ இடத்துக்கு முதலில் போகிறவர் நீங்கள். விடியும்வரை உடலுக்குக் காவல் இருப்பவரும் நீங்களே. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் உறவினர்களோடு காத்திருந்து, பரிசோதனை முடிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு உடலை ஒப்படைப்பதும் உங்கள் வேலைதான். அதிகாரி காகிதத்தில் படிப்பது பின்னால் நடக்கிறது. நம் மொழியில் உங்கள் படிநிலையிலிருந்து எழுத்து வர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவே காரணம்.

இனி நடவடிக்கை பற்றி. ஆய்வாளர் நிலை வரையில் உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர்கள் நடத்தை விதிகள், 1964 பொருந்தும். ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகள், 1968. நீங்கள் 1964ஆம் ஆண்டு விதிகளின் முழு வாசகத்தை வாங்கி நீங்களே படியுங்கள். பக்கத்து மேசைக்காரர் சொல்வதைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், துணியவும் வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகளின் பொதுவான போக்கு இதுதான்: முற்றிலும் இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்துக்கு இடம் உண்டு. அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ குறைகூறும் எழுத்துக்கும், பணியில் கிடைத்த இரகசியத்தை வெளியிடும் எழுத்துக்கும் இடம் இல்லை. இதுவரை சொன்னது உறுதி. பணியில் பார்த்ததைக் கதையாக்கினால் அது இலக்கியமா, தகவல் வெளியீடா என்ற இடத்தில்தான் ஐயம் தொடங்குகிறது. அங்கே அன்றைக்கு அந்த நாற்காலியில் இருக்கும் அதிகாரியின் மனப்போக்கே முடிவு செய்கிறது. ஒரே மாதிரியான தொகுப்புக்கு ஒருவரைப் பாராட்டியதையும் இன்னொருவருக்கு 3(ஆ) மெமோ, அதாவது கடும் தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். புனைபெயரில் எழுதினால் தப்பலாம் என்பது வீண் நம்பிக்கை. இத்தகைய விதிகள் சொந்தப் பெயர், புனைபெயர், பெயரிடாமல் எழுதுவது என எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்பவை.

ஓய்வு பெற்ற பிறகு எல்லாக் கதவும் திறந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். நடத்தை விதிகள் விலகும். ஆனால் 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் ஓய்வோடு முடிவதில்லை. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி ஓய்வூதியமே எதிர்கால நன்னடத்தைக்கு உட்பட்டது. 2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த கட்டுப்பாட்டைச் சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். அது உளவு அமைப்புகள், குறிப்பிட்ட சில பாதுகாப்பு அமைப்புகள் ஆகியவற்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒன்றிய அரசு அலுவலர்களுக்கானது. அம்பாசமுத்திரத்தில் பாரா (நிலையக் காவல்) பார்த்தவருக்கு அது பொருந்தாது.

இப்போது எழுத்துக்கு வருவோம். நம்மிடம் வரும் கையெழுத்துப் படிகளில் நான் காணும் பெரிய குறை, ஆசிரியருக்கு எழுதத் தெரியாததால் வருவது அன்று. நாம் ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டோம் என்பதால் வருவது. முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்தை விவரிக்கும் பார்வை மகஜர், பிரேத விசாரணை அறிக்கை, வழக்கு நாட்குறிப்பு, ஜி.டி. என்னும் நிலையப் பொது நாட்குறிப்பு என்று ஒரு நிலையத்தில் ஒரு நாளில் எழுதப்படும் பக்கங்களை எந்த எழுத்தாளரும் எழுதுவதில்லை. அந்த எழுத்துக்கு ஒரு நோக்கம் உண்டு. அது நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். ஆகவே சட்டப் பிரிவுக்கு வேண்டியது உள்ளே வரும், வேண்டாதது வெளியே நிற்கும். கொலை நடந்த ஒரு வீட்டுக்கு மகஜர் எழுதப் போயிருந்தேன். வாசல் எந்தத் திசை, தெருவிளக்குக் கம்பம் எத்தனை அடி, இரத்தக்கறை எந்த இடத்தில் என்று எல்லாவற்றையும் எழுதினோம். புறவாசலில் ஆட்டுரலில் அரிசி பாதி அரைபட்டு அப்படியே இருந்தது. அதை எழுதவில்லை, எழுதவும் கூடாது, வழக்குக்கு அதனால் பயனில்லை. கதைக்கு அந்த ஆட்டுரல் வேண்டும். உங்கள் கதைகளில் "மேற்படியான்", "சம்பவத்தன்று சுமார் பதினொரு மணியளவில்" என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடிப் பாருங்கள். அவை வருமிடத்தில் நீங்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள்.

161 வாக்குமூலம், அதாவது புலனாய்வில் சாட்சியை விசாரித்துப் போலீசார் எழுதிக்கொள்வது, இதைவிட நுட்பமான சிக்கல். 2024 ஜூலை 1 முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 180ஆம் பிரிவு என்றாலும் நிலையத்தில் இன்றும் பழைய எண்ணைத்தான் சொல்கிறோம். "நான் மேற்படி விலாசத்தில் குடும்பத்துடன் குடியிருந்து கூலி வேலை செய்து வருகிறேன்" என்று தொடங்குகிறதே, அந்த 'நான்' யார்? பேசியவர் ஒரு கிழவி. அழுதும் நிறுத்தியும் முன்னுக்குப் பின்னாகவும் பேசினார். எழுதியவர் ரைட்டர். அவருடைய வாக்கியங்கள் அந்த அம்மாளின் வாயில் வைக்கப்படுகின்றன. அந்த வாக்குமூலத்தில் பேசியவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. போலீசார் எழுதியதை அவருடைய சொல்லாக அப்படியே ஏற்றுவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதன் பின்னால் இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்பதும் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலிருந்து இன்றைய சட்டம்வரை மாறவில்லை. சட்டம் நம்பாத ஒன்றைக் கதையில் உச்சக்கட்டமாக வைத்து, "அவன் உண்மையைக் கக்கினான்" என்று முடிக்கும் நினைவுக்குறிப்புகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கக்க வைத்தது எது என்பதை அந்த ஆசிரியர் எழுதவில்லையே. அதை எழுதத் துணிவில்லை என்றால் அந்த வழக்கையே தொடாமல் இருப்பது நல்லது. விடுதலையானவரைக் கொலைகாரர் என்றே எழுதுவது இன்னும் மோசம். அவதூறு வழக்கு வரும் என்பது ஒருபுறம் இருக்கட்டும், தீர்ப்பு வந்த பிறகும் நம் கேஸ் டைரியே உண்மை என்று அடம் பிடிப்பது எழுத்தாளர் செய்யும் வேலையாக எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்காமல் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இதோ வந்துவிட்டோம். என் கருத்து உறுதியானது: அதிகாரத்தின் முன் சொல்லப்பட்ட கதை சொன்னவருக்கே சொந்தம். அந்த அம்மாள் விரும்பி நம்மிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் மகனின் உடல் கிடைக்காது என்பதால் சொன்னார். அந்தத் துயரத்தை நாம் கதையாக்க விரும்பினால், காக்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் ஒரு முறை கேட்க வேண்டும். முடியாது என்று அவர் சொன்னால் விட்டுவிட வேண்டும். எல்லா நேரத்திலும் இது நடக்கிற காரியமா என்றால், இல்லைதான். ஆள் இறந்திருப்பார், ஊர் மாறியிருப்பார், கதையில் அவருடைய சாயல் கொஞ்சம்தான் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்வது என்பதில் எழுதுகிறவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் வழி, பாதிக்கப்பட்டவரை வெளியிலிருந்து பார்ப்பதை விட்டு, பார்த்த காவலனை எழுதுவது. அவன் என்னுடையவன், அவனை எழுத யார் அனுமதியும் எனக்கு வேண்டாம்.

பெயரை மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். சென்னையில் போதும், நம் பக்கம் போதாது. கொடை நடந்த மாதத்தையும் கால்வாய் மடையையும் கோயிலின் தெய்வத்தையும் குறிப்பிட்டுவிட்டால் நாங்குநேரியிலிருந்து முக்கூடல் வரைக்கும் எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்தச் சாதி என்று சொல்லிவிடுவார்கள். பழிக்குப் பழி என்று இரண்டு தலைமுறை வெட்டிக்கொண்டு ஒருவழியாக ஓய்ந்திருக்கும் ஊர்கள் இருக்கின்றன என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் ஒரு கதை காகிதத்தோடு நிற்காது. ஆகவே நிகழ்ச்சிகளைப் பிரித்து, இடத்தையும் காலத்தையும் உறவுமுறையையும் உண்மையாகவே மாற்றுங்கள்; எதை மாற்றினாலும் கதை நிற்கிறது என்றால் நல்ல கதை எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தகவல் சொன்ன ஆட்களை எந்த வேடத்திலும் எழுதாதீர்கள், எத்தனை ஆண்டுகள் ஆனாலும் சரி. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரையும் வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தையையும் அடையாளம் காட்டுவது குற்றம். இதில் ஐயத்துக்கே இடமில்லை.

நீதிமன்ற ஆவணங்களில் உள்ளதை எழுதலாமா என்பதற்கு நம் மாநில வழக்கு ஒன்றிலேயே தெளிவான விடை இருக்கிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றில் அதிகாரிகள் சிலருக்கு அவரோடு இருந்த தொடர்பு பற்றிய செய்திகள் இருந்தன. அதை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது, உச்ச நீதிமன்றம் 1994இல் அப்படி முன்கூட்டியே தடை செய்ய முடியாது என்றது. பொது ஆவணத்தில் பதிவானதை வெளியிடுவது அந்தரங்க உரிமை மீறல் ஆகாது என்றும், பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் அதற்கு விலக்கு என்றும் சொன்னது. எனவே தீர்ப்பில் உள்ளதை எடுத்தாளலாம். கேஸ் டைரியில் இருந்து தீர்ப்புக்குள் வராத பகுதி அப்படிப்பட்ட பொது ஆவணம் அன்று. நிலுவையில் உள்ள வழக்கைத் தொடவே வேண்டாம்.

நம் மண்ணிலேயே கொலையைச் சொல்வதற்கு ஒரு பழைய கலை இருக்கிறது, அதைப் படிக்காமல் நீங்கள் புத்தகம் போடக் கூடாது என்று அன்போடு கட்டாயப்படுத்துகிறேன். கொடையில் வில்லுப்பாட்டாகப் பாடுகிறார்களே, அந்தக் கதைகளில் எத்தனையோ வெட்டுப்பட்டு இறந்தவர்களின் கதைகள். சொரிமுத்தய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குப் பந்தோபஸ்து நின்றிருப்பீர்கள். அங்கே தெய்வமாக நிற்கும் முத்துப்பட்டன், மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவன்; சாதி மீறி மணந்த பொம்மக்காளும் திம்மக்காளும் அவனோடு இறந்துபோனவர்கள். நம் முறையில் எழுதினால் அது ஒரு முதல் தகவல் அறிக்கைக்குள் அடங்கிவிடும். பாட்டோ இறந்தவனின் பிறப்பிலிருந்து தொடங்குகிறது, யாருக்கு யார் என்ன உறவு என்று சொல்கிறது, கேட்கிறவர்களை அழ வைக்கிறது. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இத்தகைய கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். அவர் பதிப்புகளைப் பாளையங்கோட்டை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். 1923இல் போலீஸ் கையால் இறந்த ஜம்புலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பதிவேட்டில் அவர் கொள்ளைக்காரர். மக்கள் பாட்டில் ஏழைக்கு இரங்கியவர். டோனாவூரிலிருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவரைத் துரத்திப் போன காவலர் ஒருவர் இரவில் என்ன நினைத்தார் என்பதைச் சொல்லும் பக்கம் எதையும் நான் படித்ததில்லை. 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் ஆற்றங்கரையில், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான ஊர்வலத்தில் போலீசார் தடியடி நடத்தியபோது, பதினேழு பேர் உயிரிழந்ததைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. அங்கே லத்தியோடு நின்ற ஒருவரின் மனச்சாட்சி பேசும் எழுத்தும் நான் படித்ததில் இல்லை. அப்படி எழுதுவது பணியில் இருக்கும்போது விதிகளோடு நேராக மோதும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மோதாமல் உண்மையைச் சொல்ல வழியுண்டு என்பதற்கு உத்தரப் பிரதேச ஐ.பி.எஸ். அதிகாரி விபூதி நாராயண் ராய் நல்ல சான்று. அலகாபாத் கலவரத்தைப் பின்னணியாக வைத்து, பணியில் இருந்தபோதே, 1988இல் இந்தியில் ஊரடங்கு பற்றிய ஒரு குறுநாவலை வெளியிட்டார். அதிகாரி எழுதினால் ஜீப்பிலிருந்து பார்த்த ஊரடங்கைத்தான் எழுதுவார் என்று நினைப்போம். அவரோ அடைபட்ட சந்தில், நோயாளிக் குழந்தையோடு வெளியே வர முடியாமல் தவிக்கும் ஏழை முஸ்லிம் குடும்பத்தின் உள்ளே போய் உட்கார்ந்து எழுதினார். எதிர்ப்பு வந்தது. புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது. உங்கள் கதைகளில் ஒன்றையாவது கைவிலங்கின் மறுமுனையில் இருந்தவரின் கண்ணால் திருப்பி எழுதிப் பாருங்கள், தம்பி. அது சரியாக வந்துவிட்டால் மற்றவை தாமாகவே திருந்தும்.

செய்முறைக்குச் சில வார்த்தை. நேராகப் புத்தகத்துக்குப் போகாமல் முதலில் ஒன்றிரண்டு கதைகளைச் சிற்றிதழ்களுக்கு அனுப்புங்கள். அச்சில் வந்த கதையைப் பற்றி முன்பின் அறியாத வாசகர் சொல்வது, நிலையத்தில் கைதட்டுகிறவர்கள் சொல்வதைவிடப் பயன்படும். பணம் கட்டினால் புத்தகம் போடுகிறோம் என்பவர்களிடம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். பொருநை நெல்லைப் புத்தகத் திருவிழாவுக்கு வரும் பதிப்பாளர்களிடம் நேரில் பேசலாம். தொகுப்பு முடிவானதும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு உரிய வழியில், அதாவது உங்கள் ஆய்வாளர், துணைக் கண்காணிப்பாளர் வழியாக, ஒரு மனு எழுதுங்கள். நூல் முற்றிலும் இலக்கியம் சார்ந்தது, நிலுவையில் உள்ள எந்த வழக்கையும் எந்த அலுவலக ஆவணத்தையும் பயன்படுத்தவில்லை, எழுதியது பணி நேரத்துக்கு வெளியே, கருத்துகள் என்னுடையவை, துறையுடையவை அல்ல என்பவை அதில் இருக்கட்டும். கையெழுத்துப் படியின் நகலையும் இணையுங்கள். முதல் மேசையிலேயே அது தங்கிவிடுவது உண்டு. ஆகவே இரண்டாம் படியில் பெற்றுக்கொண்ட தேதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் நினைவூட்டல் மனு அனுப்புங்கள். எழுத்தில் பதில் வரும்வரை அச்சகத்துக்குக் கொடுக்காதீர்கள்.